மிட்டாய் சுற்றத் தொடங்கும்போது

போன மாதம் கடைசிப் பரீட்சை முடிந்த இரவு போர்டிங்கில் கரண்டும் இருந்தது, போனில் டேட்டாவும் மிச்சம் இருந்தது. இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம் என்பதால் படுக்க மனம் வரவில்லை. அறையில் மற்ற இரண்டு பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மூளைக்கு வேலையில்லாத ஏதாவது பார்ப்பம் என்றுதான் 'கேட்டி பெரி: பார்ட் ஒஃப் மீ' படத்தைப் போட்டேன். 2012இல் வந்த படம். அப்போது நான் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் செய்துகொண்டிருந்த ஆள். கேட்டி பெரி யார் என்றே தெரியாது. பிறகு ஓஎல் படிக்கிற காலத்தில், ரியூஷன் முடிந்து வரும் வழியில் ஒரே இயர்போனை இரண்டு பேர் பங்குபோட்டுக் கேட்ட பாட்டுக்காரி, அவ்வளவுதான்.

படம் தொடங்கும்போது நான் எதிர்பார்த்த மாதிரியேதான் இருந்தது. ரோஸ் நிறம், நீல முடி, மிட்டாய், பூனை. அந்தப் பாட்டைக் கேட்டதால்தான் நான் நானாக இருக்கிறேன் என்று கமராவைப் பார்த்துச் சொல்லும் ரசிகர்கள். டான் கட்ஃபோர்த், ஜேன் லிப்சிட்ஸ் என்ற இரண்டு பேர் இயக்கியிருக்கிறார்கள். சமையல் போட்டி போன்ற ரியாலிட்டி நிகழ்ச்சிகள் தயாரித்துப் பெயர் எடுத்தவர்கள். அந்தக் கைப்பழக்கம் படம் முழுக்கத் தெரிகிறது. எந்த இடத்தில் நாங்கள் சிரிக்க வேண்டும், எந்த இடத்தில் 'ஐயோ பாவம்' சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. முதல் அரை மணித்தியாலம் எனக்கு ஒரு நீளமான விளம்பரம் மாதிரித்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் நடுவில் எழும்பிப் போய் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்தேன்.

ஆனால் கதை சும்மா கதை இல்லை. அவருடைய அப்பாவும் அம்மாவும் பெந்தெகொஸ்தே போதகர்கள். வீட்டில் சினிமாப் பாட்டு மாதிரியான 'உலகப் பாட்டு' ஒன்றும் கேட்க விடாமல் வளர்த்திருக்கிறார்கள். (எங்கட ஊரிலும் அப்படியான வீடுகள் எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் பள்ளிக்கூட பஸ்ஸில் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடுவார்கள்.) 2001இல் கேட்டி ஹட்சன் என்ற சொந்தப் பெயரில் ஒரு கிறிஸ்தவப் பாடல் அல்பம் வெளியிடுகிறார். அந்தக் கம்பனி மூடப்படுகிறது. பிறகு பெரிய கம்பனிகள் எடுக்கின்றன, கைவிடுகின்றன, திரும்ப எடுக்கின்றன. 2008இல்தான் உலகத்துக்குத் தெரியவருகிறார். 2010இல் வந்த 'டீனேஜ் ட்ரீம்' என்ற ஒரே அல்பத்திலிருந்து ஐந்து பாட்டுகள் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடிக்கின்றன. அதற்கு முன் மைக்கல் ஜக்சன் ஒருவர்தான் அதைச் செய்திருந்தார்.

அந்த அல்பத்துக்கான உலகச் சுற்றுலாவைத்தான் படம் பின்தொடர்கிறது. 2011 பெப்ரவரியில் லிஸ்பனில் தொடங்கி, 2012 ஜனவரியில் மணிலாவில் முடிந்த சுற்றுலா. நூறுக்கும் மேற்பட்ட மேடைகள். அதற்கு நாலு மாதத்துக்கு முன்னர்தான், 2010 ஒக்ரோபரில், ராஜஸ்தானில் இந்து முறைப்படி நடிகர் ரஸல் பிராண்டைக் கல்யாணம் கட்டியிருக்கிறார். சுற்றுலாவுக்கு இடையில் இரண்டு நாள் லீவு கிடைத்தாலும் விமானம் ஏறிக் கணவரைப் பார்க்கப் போகிறார். திரும்பி வருகிறார், பாடுகிறார், மறுபடி போகிறார். ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டு போகிறது. 2011 டிசம்பர் கடைசியில் பிராண்ட் விவாகரத்துக்கு விண்ணப்பிக்கிறார். ஆனால் படத்துக்குள் அந்தக் கல்யாணம் உடைவதை நாங்கள் பார்ப்பது பிரேசிலில், சாவோ பாலோவில்.

ஒரு ஒப்பனை அறை. வெளியே ஆயிரக்கணக்கான சனம் கத்திக்கொண்டிருக்கிறது. உள்ளே அவர் குனிந்து குலுங்கிக் குலுங்கி அழுகிறார். சுற்றி நிற்கிறவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். நிகழ்ச்சியை ரத்துச் செய்யலாம், அது உங்கள் விருப்பம் என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் எழும்பி ஒப்பனைக்கு முகத்தைக் கொடுக்கிறார். பிறகு மேடைக்குக் கீழே, அவரை மேலே தூக்கும் மேடைப் பலகையில் வந்து நிற்கிறார். அங்கேயும் அழுகை வருகிறது. துடைக்கிறார், மூச்சை இழுக்கிறார். அவர் போட்டிருக்கும் உடுப்பின் நெஞ்சில் இரண்டு பெரிய வட்ட மிட்டாய்கள் இருக்கின்றன. மின்கலத்தில் சுற்றுகிற மாதிரிச் செய்தவை. மிட்டாய் சுற்றத் தொடங்குகிறது. பலகை மேலே எழும்புகிறது. அந்த ஒரு சில செக்கனுக்குள் முகம் மாறுகிறது. வாய் விரிகிறது, பல் தெரிகிறது, கண் மட்டும் பின்தங்கி வருகிறது. மேலே போனதும் வெளிச்சம்.

அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்தினேன். அழுகை வந்ததும் உண்மைதான். ஆனால் நிறுத்தியது அதற்காக இல்லை. அந்த வெட்டை எனக்கு முன்பே தெரியும். அதே மாதிரி ஒன்றை நானும் செய்திருக்கிறேன்.

இரண்டாம் வருசம் எங்கட பட்ச் ஒரு கலைவிழா வைத்தது. அதில் ஒரு குறுநாடகம். பென்சன் எடுக்கிற ஒரு கிழவர் ஒரு கடிதத்துக்காக ஒரு கந்தோரில் மேசை மேசையாக அலைவதுதான் கதை. கிழவராக நடித்தவள் என்னுடைய பட்ச்காரி. அவளைத் தவிர வேறு யாராலும் அதைச் செய்ய முடியாது. அவள் நடந்து வந்தாலே சனம் சிரிக்கும். எனக்கு வேலை, மேடைக்குப் பின்னால் நடப்பதை எல்லாம் போனில் எடுத்து, பட்சின்ர பக்கத்தில் போட ஒரு சின்ன வீடியோ செய்வது.

அவளுடைய அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்தா. போறது வெள்ளிக்கிழமை, அதற்கு முதல் நாள் அவள் வீட்டுக்குப் போய் வழியனுப்புவதாக ஏற்பாடு. ஏஜென்சியில் திகதியை முன்னுக்கு மாற்றிவிட்டார்கள். கலைவிழா நடந்த புதன்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு அம்மா கட்டுநாயக்காவிலிருந்து எடுத்தா. நான் பக்கத்தில்தான் நின்றேன். "நான் சந்தோசமா இருக்கிறன் அம்மா, இப்ப நாடகம் போடப் போறன், எல்லாரும் சிரிப்பினம், நீங்க ஒண்டுக்கும் யோசிக்காம போங்கோ." சிரித்துச் சிரித்துத்தான் சொன்னாள். போனை வைத்தாள். அடுக்கிவைத்திருந்த பிளாஸ்ரிக் கதிரைகளுக்குப் பின்னால் போய் நிலத்தில் குந்தினாள். பாதி மேக்கப், ஒட்டுமீசை, வேட்டி. அப்படியே அழுதாள்.

நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றோம். "வேண்டாமடி, நிப்பாட்டுவம்" என்று யாரோ சொன்னாள். வேறு ஆளும் இல்லை, வேறு நாடகமும் இல்லை, அது அவளுக்கும் தெரியும். அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "நான் இதில இருந்து அழுதா பிளேன் நிக்குமே?" மீசையை அழுத்தி ஒட்டிக்கொண்டு எழும்பினாள். மண்டபம் அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இதெல்லாம் நடக்கும்போது என் கையில் போன் இருந்தது. கதிரைகளுக்கு இடையால் எடுத்தேன். முப்பத்தெட்டு செக்கன். நான் அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை, தண்ணி கொண்டுவந்து கொடுக்கவில்லை. கை நடுங்காமல் பிடிக்க வேண்டும் என்பதில்தான் கவனமாக இருந்தேன். அடுத்த நாள் அந்த அழுகையையும் மேடையில் அவள் தடியை ஊன்றி நடந்து வருவதையும் ஒட்டி, பின்னணியில் ஒரு பாட்டுப் போட்டு, 'இதுதான் உண்மையான கலைஞர்' என்று எழுதிப் பதிந்தேன். எனக்கு அப்போது அது அவளுக்குச் செய்கிற மரியாதை என்றுதான் பட்டது. எழுநூறுக்கு மேல் ஹார்ட் விழுந்தது. எங்கட பட்சின்ர பக்கத்துக்கு அது பெரிய விசயம். கீழே 'என்ன நடந்தது?' என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். விசயம் தெரிந்த ஒருத்தி பதிலும் எழுதிவிட்டாள்.

நாலு நாள் கழித்து, அவளுடைய அம்மாவுக்கு அங்கே முதல் முதலாகக் கையில் போன் கிடைத்திருக்கிறது. திறந்ததும் வந்து கிடந்தது, சொந்தக்காரப் பிள்ளை ஒன்று அனுப்பிய என்னுடைய வீடியோ. மகள் சிரித்துக்கொண்டு அனுப்பிவைத்தாள் என்ற நினைப்பில் போன மனுசி. அந்த வாரம் முழுக்கத் திரும்பி வாறன் என்று சொல்லி அழுதிருக்கிறா. வந்தால் எவ்வளவு காசு திருப்பிக் கட்ட வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வரவில்லை.

அவள் என்னிடம் வந்து சண்டை பிடிக்கவில்லை. லெக்சர் முடிந்து படியில் இறங்கும்போது கேட்டாள், "ஏன் அதைப் போட்டனீ?" நான் ஏதோ சொன்னேன். நல்லதுக்குத்தான் என்ற மாதிரி. அன்றைக்கே அழித்தேன். அதற்குப் பிறகும் கதைக்கிறோம், நோட்ஸ் மாறுகிறோம், ஒரே கன்ரீனில் சாப்பிடுகிறோம். நான் போனை எடுத்தால் மட்டும் அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்புவாள். ரெண்டு வருசமாக அப்படித்தான்.

இப்போது படத்துக்கு வருகிறேன். நிறுத்திய இடத்திலிருந்து திரும்பப் போட்டு முழுவதையும் பார்த்தேன். பிறகு அந்தக் காட்சியை மட்டும் இன்னும் மூன்று தரம். முதலில் எனக்கு அந்தப் படத்தின் மேல் கோபம் வந்தது. அழுகை, உடனே சிரிப்பு, உடனே கைதட்டல். இப்படி ஒட்டினால் பார்ப்பவருக்கு இரட்டைச் சந்தோசம். அவளுடைய துக்கத்தைப் பார்த்து இளகிய சந்தோசம் ஒன்று, அவள் அதைத் தாண்டிவிட்டாள் என்ற சந்தோசம் இன்னொன்று. எங்களுக்கு ஒரு செலவும் இல்லை. இந்த வெட்டை நான் யாரிடமும் படிக்கவில்லை, ஆனால் எனக்குச் செய்யத் தெரிந்திருந்தது. ரியாலிட்டி ஷோக்களில், பாட்டுப் போட்டிகளில், குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி அழவைத்துவிட்டுப் பிறகு பாடவிடுகிற நிகழ்ச்சிகளில் பார்த்துப் பார்த்துக் கையில் ஊறிவிட்டது.

ஆனால் படத்தையும் என்னுடைய வீடியோவையும் ஒரே தட்டில் வைப்பது நியாயம் இல்லை. முடிவில் ஓடும் பெயர்களில் தயாரிப்பாளர்களில் ஒருவராக கேட்டி பெரியின் பெயரும் இருக்கிறது. அந்த அழுகை படத்தில் இருக்கட்டும் என்பதில் அவருக்கும் சொல் இருந்தது. வெட்டச் சொல்லியிருந்தால் வெட்டியிருப்பார்கள். அது வியாபாரக் கணக்காகவும் இருக்கலாம், இல்லையென்று சொல்ல நான் யார். விவாகரத்துச் செய்தி சூடாக இருந்த வருசத்தில் அந்தக் காட்சிக்காகவே டிக்கெட் எடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். இருந்தாலும் விற்றது தன்னுடைய கண்ணீரை.

இன்னொன்றும் கவனித்தேன். படம் துக்கத்தைக் காட்டுகிறது, காரணத்தைத் தோண்டவில்லை. பிராண்ட் மிகச் சில இடங்களில்தான் வருகிறார். யார் யாரிடம் என்ன சொன்னார், எதில் தொடங்கிய சண்டை, ஒன்றும் இல்லை. கணவரைத் திட்டும் ஒரு காட்சி வைத்திருந்தால் இன்னும் நன்றாக ஓடியிருக்கும். வைக்கவில்லை. இவ்வளவு பளபளப்பான, இவ்வளவு விற்பனைப் புத்தியுள்ள படத்துக்குள் அந்த ஒரு கதவு மூடியே இருக்கிறது. என்னுடைய வீடியோவின் கீழே அந்தக் கதவைத்தான் எல்லாரும் தட்டினார்கள், நாங்களும் திறந்துவிட்டோம்.

போன வருசம் எங்கட திரைப்பட வட்டத்தில் 'ஏமி' போட்டார்கள். ஆசிஃப் கபாடியா இயக்கிய படம், 2015இல் வந்தது, ஒஸ்கார் எடுத்தது. ஏமி வைன்ஹவுஸ் 2011 ஜூலையில் இருபத்தேழு வயதில் இறந்துபோனார். படம் முழுக்க மற்றவர்கள் எடுத்த வீடியோக்கள். சிநேகிதிகள் எடுத்தது, வீட்டில் எடுத்தது, பாப்பராசிகள் துரத்தித் துரத்தி எடுத்தது. சாவதற்கு ஒரு மாதத்துக்கு முன் பெல்கிரேடில் அவரை மேடையில் ஏற்றுகிறார்கள். அவரால் பாட முடியவில்லை. நிற்கவே முடியவில்லை. சனம் கூச்சல் போடுகிறது. அன்றைக்குப் படம் முடிந்து எல்லாரும் ஊடகங்களைத் திட்டினோம். நானும் கையை உயர்த்தி நீளமாக ஒரு கருத்துச் சொன்னேன். அவளும் பின் வரிசையில் இருந்தாள். நான் கதைத்து முடித்துவிட்டு இருக்கும்போதுதான் அது ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

ஏமியிடம் இனி யாரும் கேட்க முடியாது. அந்தப் படம் நல்ல படம், அன்போடு செய்த படம். ஆனால் பார்க்கும்போது எனக்கு உடம்பு கூசியது. 2024இல் வந்த செலின் டியோனைப் பற்றிய ஆவணப்படத்தில் அவருக்கு வலிப்பு மாதிரி உடம்பு முழுக்க இறுகிப்போகிற ஒரு நீளமான காட்சி இருக்கிறது. கமரா விலகவே விலகாது. அதைப் பார்ப்பது 'ஏமி'யை விடக் கஷ்டம், ஆனால் கூசவில்லை. தன்னுடைய நோய் எப்படி இருக்கும் என்று சனம் பார்க்க வேண்டும் என்று அவர்தான் விட்டிருக்கிறார். ஒரே கண்ணீர்தான், யார் தருகிறார்கள் என்பதில் எவ்வளவோ மாறிவிடுகிறது. இதை எழுதும்போது சுலபமாக இருக்கிறது. போன் கையில் இருக்கும்போது சுலபம் இல்லை, அழகான ஒன்று கண் முன்னால் நடந்துகொண்டிருக்கும், அடுத்த செக்கன் போய்விடும்.

சாவோ பாலோ காட்சியில் அதற்குப் பிறகு நடப்பது ஒன்று. மேடையில் அவர் நிற்கும்போது கூட்டம் போர்த்துக்கீச மொழியில் அவரை நேசிக்கிறோம் என்று கத்துகிறது. கீழே என்ன நடந்தது என்று அந்தச் சனத்துக்குத் தெரியாது. அவர் அப்படியே நின்று கேட்கிறார். திரும்பவும் முகம் உடையப் பார்க்கிறது. எனக்கு மிட்டாய் சுற்றும் இடத்தை விட இதுதான் பெரிதாகப் பட்டது. தெரியாத சனத்திடமிருந்து கிடைக்கும் அன்பு. எங்கட மண்டபத்திலும் யாருக்கும் தெரியாது. அவளுடைய நடைக்காகத்தான் சிரித்தார்கள், அவளுக்காக இரங்கிக் கைதட்டவில்லை. தெரியாமல் சிரித்ததுதான் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல விசயமாக இருந்திருக்கும். நான் அடுத்த நாள் எல்லாருக்கும் தெரியவைத்துவிட்டேன்.

வீடியோவைப் பக்கத்திலிருந்து அழித்தேன் என்று சொன்னேன் அல்லவா. போனிலிருந்து அழிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. போன் மாற்றியபோது கூடவே வந்துவிட்டது. படம் பார்த்த இரவு தேடி எடுத்தேன். பார்க்கவில்லை. விடிய அவளுக்கு மெசேஜ் போட்டேன். இப்படி இப்படி ஒரு படம் பார்த்தனான், அதைப் பற்றி எழுதப்போறன், அதில உன்னைப் பற்றியும் வரும், எழுதலாமா என்று. அந்த வீடியோ இன்னும் இருக்கு, என்ன செய்யட்டும் என்றும் கேட்டேன். இரண்டு நீலச் சரி விழுந்தது. பதில் வரவில்லை. மூன்று நாளாக வரவில்லை. சரி, அதுவும் ஒரு பதில்தான் என்று இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டேன்.

நாலாம் நாள் கோல் எடுத்தாள். எழுதினதை அனுப்பு என்றாள். அனுப்பினேன். ஊரின் பெயர் இருந்த இடத்தைக் காட்டி எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். 'அவள் கதறினாள்' என்று எழுதியிருந்தேன், "நான் கதறேல்ல, அழுதனான்" என்றாள். மாற்றிவிட்டேன். அம்மா இப்போதும் அங்கேதான் என்றும், ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது என்றும் சொன்னாள். கேட்டி பெரி படத்தை அவளும் பார்த்துவிட்டாளாம். "அவவுக்கு மேக்கப் போட எத்தினை பேர் நிக்கினம் பாத்தனீயே" என்றாள்.

பிறகு அந்த வீடியோவை அனுப்பச் சொன்னாள். தனக்கு மட்டும். அனுப்பினேன். அவள் முதல் தரம் முழுதாகப் பார்த்தது அப்போதுதான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குரல் மெசேஜ் வந்தது.

"மீசை இவ்வளவு கோணலா ஒட்டிக் கிடக்கு. அஞ்சு பேர் சுத்தி நிண்டனீங்கள், ஒருத்தரும் சொல்லேல்ல என்ன."